எழுந்து நின்றவர்கள்

வேன் அக்கா லேசில் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற தொழில் அப்படி. 'நான் ஒண்ணும் பண்ணலக்கா' என்று பின்சீட்டிலிருந்து யாரும் கேட்காமலே குரல் வந்தால், அங்கே ஏதோ நடந்து முடிந்திருக்கிறது என்று அர்த்தம். அதனால் ஒரு கண் ரோட்டிலும் ஒரு கண் தலைக்கு மேலே உள்ள கண்ணாடியிலுமாகத்தான் ஓட்டுவாள். "உன் நிழல் பின்னாடி வந்தாக்கூட யாருடா நீன்னு கேப்பே" என்று புருஷன் கிண்டலடிப்பான். கேட்டால் என்ன தப்பு? தம்பியைக் கொண்டுபோய் உள்ளே தள்ளிய பிறகு நிழலையும் கேட்கத்தான் வேண்டியிருந்தது.

தம்பி லாரியில் சுமை ஏற்றுகிறவன். ஊரில் ஒரு கிடங்கு தீப்பிடித்து எரிந்தது. கொளுத்தியது அவன்தான் என்று நீதித் துறை வழக்குப் போட்டு, நடத்தி, ஜெயிலுக்கும் அனுப்பிவிட்டது. தீப்பிடித்த நேரத்தில் அவனோ ஊரின் மறுகோடியில் ஓர் ஐஸ் கம்பெனி வாசலில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தான். அந்தக் கம்பெனியின் காவலாளி அதைக் கண்ணால் பார்த்தவர். விசாரிக்க வந்த அதிகாரியிடம் அதைச் சொல்லியும் இருந்தார். ஆனால் அவர் சொன்னது கோர்ட் வரைக்கும் வந்து சேரவில்லை. நடுவழியில் எங்கோ ஆவியாகிவிட்டது.

இப்படி ஆவியான சாட்சிகள் ஏகப்பட்ட பேர் என்று பத்திரிகைகள் எழுத ஆரம்பித்ததும் நாடே இரண்டாகப் பிரிந்து நின்று கத்தியது. நீதித் துறை செய்தது குற்றமா, கவனக்குறைவா? அதைத் தட்டிக்கேட்க யாருக்கு அதிகாரம்? சாயங்காலமானால் டிவியில் நாலு பேர் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பேசவிடாமல் பேசினார்கள். சலூனில் பாதிச் சவரத்தோடு சண்டை போட்டுக்கொண்டவர்களும் உண்டு. சத்தம் தாங்காமல் அரசாங்கம் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைத் தலைவராகப் போட்டுப் பொது விசாரணையை அறிவித்தது. ஜனங்கள் வந்து மைக்கில் பேசலாம். அதைக் கேட்டுவிட்டு அவர் முடிவு சொல்ல வேண்டும். இந்த வழக்குகளை வெளியிலிருந்து வருகிற நீதிபதிகள் மறுபடி பார்ப்பதா, இல்லை, துறையே தனக்குள் விசாரித்துக்கொள்வதா?

வெளியாள் பார்த்தால் தம்பி வீட்டுக்கு வருவான். துறையே பார்த்தால் வரமாட்டான். வேன் அக்காவுக்கு நாட்டு விவகாரம் அவ்வளவுதான்.

காவலாளியைத் தேடிப் பிடித்ததும் அவள்தான். "வந்து சொல்றேம்மா. பார்த்ததைச் சொல்ல எனக்கு என்ன பயம்?" என்று மனுஷர் உடனே ஒத்துக்கொண்டார். இந்த விஷயம் அவளைத் தவிர மூன்று பேருக்குத்தான் தெரியும். புருஷன், தம்பி மனைவி, அப்புறம் வாத்தியார்.

வாத்தியாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உள்ளே இருப்பவர்களின் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து சங்கம் வைத்திருந்தார்கள். அதில் ஒரு நாள் வந்து சேர்ந்தவர் அவர். தடித்த கண்ணாடி, சட்டைப் பையில் ஒரு பேனா. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவராம். அவருடைய அக்கா பையன் உள்ளே இருக்கிறானாம். அந்த அக்காவை யாரும் பார்த்ததில்லை. நடமாட முடியாதவர் என்று சொல்லியிருந்தார். மனு எழுத வேண்டுமா, வாத்தியார். வக்கீலிடம் பேச வேண்டுமா, வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேன் அக்கா வீட்டுக்கு வந்து, சர்க்கரை இல்லாத டீயைக் குடித்துவிட்டு, "தைரியமா இருங்கம்மா, உண்மை நம்ம பக்கம் இருக்கு" என்பார். ஒரு தடவை வேனில் போகும்போது, "அதோ, அந்தப் பச்சைக் கதவு. காவலாளி வீடு அதான்" என்று அவள் காட்டியும் இருந்தாள். உலகத்தில் அவள் சந்தேகப்படாத ஒரே பிறவி வாத்தியார்தான்.

விசாரணை நெருங்கியபோது காவலாளி பின்வாங்கினார். அவள் போய்த் தட்டியும் கதவைத் திறக்கவே இல்லை. "ஆளுங்க வந்து பேசிட்டுப் போயிட்டாங்கம்மா. என்னை விட்டுடுங்க. எனக்கும் குடும்பம் இருக்கு" என்று உள்ளேயிருந்தே சொல்லிவிட்டார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மிரட்டிவிட்டார்கள். சரி, யார் போய்ச் சொன்னது?

"தப்பா நினைக்காதீங்கம்மா" என்று வாத்தியார் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "உங்க தம்பி சம்சாரத்தோட சித்தப்பா பையன் ஒருத்தன் அந்தத் துறையிலதானே குமாஸ்தாவா இருக்கான்? நான் யாரையும் சொல்லல. யோசிச்சுப் பாருங்க, அவ்வளவுதான்."

சுருக்கென்றது. அப்படி ஒருத்தன் இருப்பதையே அவள் மறந்து போயிருந்தாள். அன்றைக்கே தம்பி மனைவி வேலை பார்க்கும் மருந்துக்கடைக்குப் போய், வாங்க வந்தவர்கள் முன்னாலேயே கேட்டுவிட்டாள்.

"உன் சித்தப்பா மகன்கிட்ட என்ன சொன்னே?"

"எந்தச் சித்தப்பா மகன்? அண்ணி, என்ன பேசுறீங்க?"

"நடிக்காதே. காவலாளி விஷயத்தை நீதான் ஊதியிருக்கே."

மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தரியைக் கீழே வைத்தாள். "நானா? என் புருஷன் வெளிய வர்றதை நானே கெடுப்பேனா? அவனோட நான் பேசியே வருஷக்கணக்காச்சு, அண்ணி. என் கல்யாணத்துக்குக்கூட வரல அவன்." கண் நிறைந்துவிட்டது. ஆனால் அழவில்லை. "அடுத்தவங்க நிக்கிறாங்க. போயிட்டு வாங்க" என்றாள்.

அந்த நிதானம் வேன் அக்காவுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. குற்றமில்லாதவள் என்றால் கத்தியிருக்க வேண்டாமா? கண்ணாடியில் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு எல்லாமே தெரிந்துவிட்டதாக ஒரு நினைப்பு. அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

பொது விசாரணை ஒரு விடுமுறை நாளில் நடந்தது. வாத்தியாரை வேனின் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள். பெரிய மண்டபம். மேடையில் தலைவர் முதுகை வளைத்துக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் டிவிக்காரர்களுக்கென்று கண்ணாடிச் சுவர் வைத்த ஓர் அறை. உள்ளே இருட்டாக இருந்ததால் மண்டபம் முழுக்க அந்தக் கண்ணாடியில் தெரிந்தது. வேன் அக்காவுக்கு அதைப் பார்த்ததும் ஒரு நிம்மதி. திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

எதிர்ப்பக்க வரிசையில் தம்பி மனைவி தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்திருந்தாள். யாரோ ஒருத்தி வந்து கேட்க, "ஆள் வர்றாங்க" என்று கையை ஆட்டினாள். யாருக்குப் பிடித்து வைத்திருக்கிறாளோ! சித்தப்பா மகனுக்காக இருக்கும் என்று வேன் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாத்தியார் அவளுடைய பேச்சை வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். காவலாளியை மிரட்டியது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. "ஆதாரம் இல்லாம சொன்னா நமக்கே ஆபத்தும்மா. கண்ணியமா கேளுங்க, போதும்" என்று அடித்துவிட்டிருந்தார்.

மைக்கில் பேச ஒவ்வொருவராக வந்தார்கள். வியாபாரி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார். "துறை மேல எங்களுக்கு முழு நம்பிக்கை இருக்கு. உள்விசாரணையே போதும்." விவசாயி என்று ஒருவர். நகத்தில் மண்ணையே காணோம். அவருக்கும் உள்விசாரணையே போதுமாம். பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண், குடும்பத் தலைவி என்று பதிவு செய்திருந்தாள். "மேற்படி வழக்குகளில் துறை உரிய நடவடிக்கை எடுத்துள்ளது" என்றாள்.

"இவ வீட்டுல உப்புக் குறைஞ்சாலும் மேற்படி குழம்புன்னுதான் சொல்வாளா?" என்று வேன் அக்கா முணுமுணுத்தாள்.

"சும்மா இருங்கம்மா. எல்லாரையும் சந்தேகப்பட்டா எப்படி?" என்றார் வாத்தியார்.

ஏதோ சரியில்லை. ஆனால் எதை வைத்துச் சொல்வது? பேசினவர்கள் பொதுஜனம் இல்லை என்று எப்படி நிரூபிப்பது? அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பக்கக் கதவு திறந்தது. யாரும் அறிவிக்கவில்லை. சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் சத்தமில்லாமல் உள்ளே வந்து, காலியாக இருந்த நாற்காலியைத் தேடினார்.

வேன் அக்காவுக்கு அந்த முகம் தெரியும். நீதித் துறையின் செயலாளர். பேட்டி கொடுக்காதவர், போட்டோவுக்கு நிற்காதவர். வழியில் பார்த்தால் ஜனங்களுக்கு அடையாளம் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததற்குக் காரணம், மனுக் கொடுக்கப்போய் அந்தக் கட்டடத்தின் நடைபாதையில் காத்துக் கிடந்ததுதான். அவர் வந்தால் அங்கே ஒரு சட்டம். இருக்கிற வேலையை இருக்கிறபடியே போட்டுவிட்டு எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். போனில் பேசுகிறவன், சாப்பிடுகிறவன், பிள்ளைத்தாய்ச்சி, எல்லோரும்தான். அன்றைக்கு அவள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தாள். "எழுந்திரும்மா, யாரு வர்றாங்கன்னு தெரியல?" என்று பியூன் அதட்டினான். "நான் என்ன உங்க ஆபீஸ் ஆளா?" என்று கேட்டுவிட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

இப்போது கண்ணாடியில் அவள் பார்த்தாள். சாம்பல் கோட்டு உள்ளே வந்த அந்த நொடியில் வியாபாரி எழுந்தார். விவசாயி எழுந்தார். பச்சைச் சட்டைக் குடும்பத் தலைவி விறைப்பாக எழுந்து நின்றாள். இங்கே ஒருவர், அங்கே இருவர் என்று மண்டபம் பூராவும் தலைகள் முளைத்தன. மற்ற ஜனங்கள் யார் வந்தது என்றுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். மறு நொடியே எழுந்தவர்களுக்கு உறைத்தது. ஒருவர் சோம்பல் முறிப்பதுபோலக் கையைத் தூக்கினார். ஒருத்தி ஜன்னலைச் சாத்தப் போவதுபோல நடந்து, அங்கே ஜன்னலே இல்லாததைப் பார்த்துத் திரும்பினாள். அடடா, என்ன ஒரு நாடகம்! வேன் அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாத்தியாரிடம் காட்ட வேண்டும் என்று திரும்பினாள்.

பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. வாத்தியார் கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.

அவள் பார்ப்பதைப் பார்த்ததும் குனிந்தார். "பேனா விழுந்துடுச்சும்மா" என்று தரையைத் தடவினார். பேனா அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

சிரிப்பு அவள் தொண்டையிலேயே செத்துப்போனது. வாத்தியார் வந்தால் பிள்ளைகள் எழுந்திருப்பார்கள். வாத்தியார் யாருக்காக எழுந்திருக்கிறார்? அடுத்தடுத்து எல்லாம் மளமளவென்று விழுந்தது. தானே மறந்துபோயிருந்த சித்தப்பா மகன் அந்தத் துறையில் குமாஸ்தா என்று இவருக்கு யார் சொன்னது? யாரும் பார்க்காத அந்த அக்கா எங்கே? பச்சைக் கதவு.

"உங்க அக்கா பையன் எந்த ஜெயில்ல இருக்கான், வாத்தியாரே?" என்று மெல்லக் கேட்டாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி இல்லாத முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. "பழக்க தோஷம்மா" என்றார். "முப்பது வருஷப் பழக்கம். கால் தானா எழுந்துக்குது."

அவ்வளவுதான் சொன்னார். வருத்தமாகச் சொன்னாரா, சலிப்பாகச் சொன்னாரா என்றுகூட அவளுக்குப் புரியவில்லை. அவள் வீட்டில் அவர் குடித்த டீ அத்தனையும் அவளுக்கே நெஞ்சில் வந்து கரித்தது. அந்த நேரம் பார்த்து மைக்கில் அவளைக் கூப்பிட்டார்கள்.

வெள்ளைத் தாளை அவர் மடியில் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

"ஐயா, என் தம்பி விஷயமாப் பேச வந்தேன். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேண்டுகோள்" என்று தலைவரைப் பார்த்துச் சொன்னாள். பிறகு சாம்பல் கோட்டின் பக்கம் திரும்பினாள். "நீங்க தயவுசெஞ்சு ஒரு தடவை வெளிய போயிட்டு மறுபடி உள்ள வர்றீங்களா?"

மண்டபம் புரியாமல் பார்த்தது.

"எதுக்கும்மா?" என்றார் தலைவர்.

"இவர் நீதித் துறைச் செயலாளர். இவர் வந்தப்போ குறிப்பா சில பேர் எழுந்து நின்னாங்க ஐயா. நீங்க எழுதிக்கிட்டிருந்தீங்க, பார்க்கல. இன்னொரு தடவை வந்தார்னா நீங்களும் பார்க்கலாம். குடும்பத் தலைவி, வியாபாரி, விவசாயி எல்லாரும் சேர்ந்து எழுந்து நிப்பாங்க."

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பி மண்டபம் முழுக்கப் பரவியது. செயலாளருக்கு முகம் சிவந்தது. வெளியே போ என்று அவரை யாரும் சொல்லிப் பழக்கமில்லை. அதுவும் வேன் ஓட்டுகிற ஒரு பொம்பளை! விருட்டென்று எழுந்தார்.

"இது விசாரணையா, கேலிக்கூத்தா? என் ஆபீசர்ஸ் எனக்கு மரியாதை கொடுக்கிறது உங்களுக்கு வேடிக்கையா இருக்கா?"

சிரிப்பு சட்டென்று நின்றது. தலைவர் பேனாவை மூடி வைத்தார்.

"உங்க ஆபீசர்ஸா?" என்றார் நிதானமாக. "பொதுமக்கள்னு சொல்லிக்கிட்டுத்தானே மைக்ல பேசினாங்க?"

அதற்குப் பிறகு மண்டபம் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஜனங்கள் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார்கள். பச்சைச் சட்டை கூட்டத்தோடு கூட்டமாக வாசலைப் பார்த்து நழுவியது. கேமராக்கள் அவள் பின்னாலேயே ஓடின. வாத்தியார் இருந்த நாற்காலியில் வெள்ளைத் தாள் மட்டும் கிடந்தது.

கூச்சல் அடங்கியதும் வேன் அக்கா காவலாளியைப் பற்றிச் சொன்னாள். அவர் பார்த்ததை, சொன்னதை, சொன்னது காணாமல் போனதை, இப்போது கதவைத் திறக்காததை.

"இன்னிக்கே ஒரு அதிகாரியை அனுப்பி அவரோட வாக்குமூலத்தை வாங்கச் சொல்றேன். விலாசத்தைக் கொடுங்க" என்றார் தலைவர்.

"எந்தத் துறை அதிகாரியை ஐயா?"

தலைவர் பதில் சொல்ல யோசித்தார். யோசித்ததை எல்லோரும் பார்த்தார்கள். கடைசியில், "நானே வர்றேன்" என்றார்.

"அப்போ என் வேன்ல வாங்க. விலாசத்தை இங்க சொல்ல மாட்டேன்."

மேடையிலிருந்து அவர் இறங்கி வருவதற்குள் வேன் அக்கா எதிர்ப்பக்க வரிசைக்குப் போனாள். தம்பி மனைவி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்து நாற்காலியிலிருந்து கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த நாற்காலி காலையிலிருந்து யாருக்காகக் காத்திருந்தது என்று அப்போதுதான் வேன் அக்காவுக்குத் தெரிந்தது. உட்கார முகமில்லாமல், "வா, காவலாளி வீட்டுக்குப் போகணும்" என்று மட்டும் சொன்னாள்.

பிள்ளைகள் உட்காரும் சின்ன சீட்டில் தலைவர் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து வந்தார். வாத்தியார் உட்காருகிற முன்சீட்டில் தம்பி மனைவி. வழி முழுக்க வேன் அக்கா மேலே உள்ள கண்ணாடியைப் பார்த்தபடியே ஓட்டினாள். பின்னால் ஏதாவது கார் வருகிறதா? இந்தப் பெரிய மனிதர் போனை எடுக்கிறாரா? இவரையும் எந்தத் தைரியத்தில் நம்புவது? கேட்க வாய் வரவில்லை. வேறு வழியும் இல்லை.

பச்சைக் கதவைத் தட்டினாள். கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"கூட யாரு?"

"விசாரணைத் தலைவர் ஐயா. நேர்லயே வந்திருக்கார். அப்புறம் என் தம்பி பொண்டாட்டி."

"அந்தக் கண்ணாடிக்காரர் வரலையே? சட்டைல பேனா வெச்சிருப்பாரே, அவரு?"

வேன் அக்கா கதவருகே குனிந்தாள். "அவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவர்தானேம்மா அன்னிக்கு என்னை மிரட்டின ஆளுங்களைக் கூட்டிட்டு வந்தாரு! யார் வந்தாலும் நான் கதவைத் திறக்கிறதில்ல. வேன் அக்கா அனுப்பிச்சாங்கன்னு அவர் சொன்னாரு. உங்க பேரைச் சொன்னதால திறந்தேன். அப்புறம் உங்களையும் நம்பலாமா வேணாமான்னு தெரியாமப் போச்சு."

அவள் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஊரெல்லாம் சந்தேகப்பட்டு, கூடப் பிறந்தவன் பெண்டாட்டியைக் கடையில் வைத்துக் கேவலப்படுத்தி, கடைசியில் இந்தக் கதவை அவர்களுக்குத் திறந்துவிட்ட சாவி அவள் பேராகத்தான் இருந்திருக்கிறது.

"நான்தான்டி" என்றாள் தம்பி மனைவியிடம். "நீ இல்ல. நான்தான் சொன்னேன். வீட்டைக்கூடக் காட்டினேன். என் வாய்தான் என் தம்பியை வெளிய வரவிடாம..."

தம்பி மனைவி அவள் தோளைப் பிடித்துக் கொஞ்சம் நகர்த்தி நிறுத்தினாள். பிறகு கதவுக்கு அருகில் போய், உள்ளே கேட்கும்படி நிதானமாகச் சொன்னாள்.

"ஐயா, அன்னிக்கு நீங்க பார்த்த ஆளோட பொண்டாட்டி பேசறேன். எங்க அண்ணியை நம்புங்க. நான் நம்புறேன்."

உள்ளே காலடிச் சத்தம் கதவை நெருங்கி வந்தது. அப்புறம் தாழ்ப்பாள் நகர்ந்தது.